பெயரை மாற்றினாலும் பொருந்தும் விமர்சனம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு கிதார் கலைஞர்கள் பிறந்தார்கள். 1942 ஜனவரியில் டான்காஸ்டரில் ஜான் மெக்லாஃப்ளின். 1946 ஆகஸ்டில் பிராட்ஃபோர்டில் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த். இருவரும் அமெரிக்க டிரம்ஸ் மேதை டோனி வில்லியம்ஸின் ‘லைஃப்டைம்’ குழுவில் வாசித்தவர்கள். முன்னவர் 1969இல் சேர்ந்தார், பின்னவர் 1975இல். இருவரையும் ஜாஸ் ஃபியூஷன் என்ற ஒரே அலமாரியில் அடுக்குகிறோம். இவர்களைப் பற்றி அரை நூற்றாண்டாக எழுதப்பட்டுவருவதில் பெரும்பகுதியைப் பிழிந்தால் மிஞ்சுவது ஒரே சாறுதான்: அசாத்திய வேகம், நம்ப முடியாத விரல்கள், உயிர் மட்டும் கொஞ்சம் குறைவு. எழுதுபவர் ரசிகராக இருந்தால் அந்தக் கடைசிப் பகுதிக்குப் பதிலாகக் ‘கிதாரின் கடவுள்’ என்று வரும்.

இருவரின் தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு இது விளங்காத புதிராக இருக்கும். ஏனென்றால் இவர்களின் கைகள் நேர் எதிரானவை. மெக்லாஃப்ளின் ஏறக்குறைய ஒவ்வொரு சுரத்தையும் வலக்கைப் பிக்கால் தனியாகத் தட்டி எழுப்புகிறார். வேகத்தின் உச்சியிலும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு. டிரம்ஸ் குச்சி தோலில் விழுவதைப் போன்ற தெறிப்பு உண்டு. ஹோல்ட்ஸ்வொர்த் அந்தத் தெறிப்பையே அழிக்கப் பாடுபட்டவர். இடக்கை விரல்களைத் தந்தியில் அமர்த்தியும் எடுத்துமே பெரும்பாலான சுரங்களை எழுப்பினார். கார்டுகளை வாசிக்கும்போது ஒலியளவு பெடலால் தொடக்க ஓசையை மறைத்து, ஒலி எங்கிருந்தோ மிதந்து வருவதைப் போலச் செய்தார். அவர் உண்மையில் விரும்பியது சாக்ஸஃபோன் போன்ற ஊதுகருவி. கையில் கிடைத்தது கிதார். ஆகவே ஒருவர் கிதாரைத் தாளக்கருவியின் பக்கம் இழுத்தார், மற்றவர் மூச்சின் பக்கம் இழுத்தார். இந்த இருவரையும் ‘வேகமானவர்கள்’ என்ற ஒரே சொல்லால் முடித்துவைக்கும் விமர்சனம் இருவரையுமே கேட்கவில்லை என்றுதான் பொருள்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: திறமையின் எல்லையில் நின்று வாசித்த ஃபியூஷன் கிதார் கலைஞர்களைப் பற்றிய எழுத்து ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது? மோசம் என்று நான் சொல்வது கடுமையை அல்ல. கடுமையான விமர்சனம் நல்லதாக இருக்க முடியும். பாராட்டு மிக மோசமாக இருக்க முடியும். என் அளவுகோல் எளியது. ஒரு வாக்கியத்தில் கலைஞரின் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போடுங்கள். அப்போதும் பொருந்தினால், அந்த வாக்கியம் இசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரண்டு அகராதிகளுக்கு நடுவில்

ஃபியூஷன் பிறந்த சூழலிலேயே இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. 1969 பிப்ரவரியில், நியூயார்க் வந்து இறங்கிய சில நாட்களிலேயே, மெக்லாஃப்ளின் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ ஒலிப்பதிவில் உட்கார்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘பிட்சஸ் ப்ரூ’ பதிவானது. அந்தத் தட்டில் ஒரு பாடலுக்கு மைல்ஸ் வைத்த பெயரே ‘ஜான் மெக்லாஃப்ளின்’. ஜாஸின் உடனடிக் கற்பனை, ராக் இசையின் மின்சார ஒலி, ஃபங்க் இசையின் தாளம் ஆகிய மூன்றும் ஒரே அறையில் சேர்ந்தபோது, அவற்றைப் பற்றி எழுத வேண்டியவர்களிடம் இரண்டு அகராதிகள் இருந்தன. இரண்டும் இந்த இசைக்காகத் தொகுக்கப்பட்டவை அல்ல.

முதலாவது ஜாஸ் விமர்சகர்களின் அகராதி. அதில் ஸ்விங், ப்ளூஸ், மரபு ஆகியவை தலைச்சொற்கள். மின்சாரக் கருவியும் ராக் தாளமும் அதில் சந்தைக்குப் பணிந்ததன் அடையாளம். இந்தப் பார்வையின் கூர்மையான வடிவத்தை ஸ்டான்லி க்ரவுச் 1990இல் ‘தி நியூ ரிபப்ளிக்’ இதழில் மைல்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையில் காணலாம். 2001இல் வெளிவந்த கென் பர்ன்ஸின் ‘ஜாஸ்’ ஆவணப்படம் பத்துப் பகுதிகள் கொண்டது. 1961க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளை அது கடைசி ஒரே பகுதிக்குள் அடைத்தது. ஃபியூஷனின் முழு வரலாறும் அந்த நெரிசலுக்குள் கரைந்துபோனது.

இரண்டாவது ராக் விமர்சகர்களின் அகராதி. 1960களின் இறுதியில் உருவான அந்த எழுத்து நேர்மை, கோபம், எளிமை ஆகியவற்றைப் போற்றியது. மூன்று கார்டுகளில் உண்மை பேசுபவன் உயர்ந்தவன்; முப்பது கார்டு தெரிந்தவன் சந்தேகத்துக்குரியவன். 1976, 1977இல் பங்க் இசை எழுந்தபோது இந்தச் சந்தேகம் கொள்கையாகவே இறுகியது. திறமை என்பதே மறைக்க ஏதோ இருப்பதன் அறிகுறியாகிவிட்டது.

இரண்டு தரப்பின் அச்சத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. 1970களின் பிற்பகுதியில் வெளிவந்த ஃபியூஷன் தட்டுகளில் வெறும் வித்தை காட்டல் கணிசம். கடினமான தாளக் கணக்கை விளம்பரப் பலகையாக மாட்டிக்கொண்ட குழுக்கள் இருந்தன. ஆனால் நியாயமான அச்சம் ஆயத்த வாக்கியமாக உறைந்துவிட்டால், அது நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. பிரிப்பதுதான் விமர்சகரின் வேலை.

ஆறு வகைப் பிழைகள்

இந்த எழுத்தைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஆறு பிழைகள் திரும்பத் திரும்பத் தட்டுப்படும்.

முதலாவது, வேகக் கணக்கு. ‘ஒரு நொடிக்கு இத்தனை சுரம்’ என்பதைச் சாதனையாகவோ குற்றமாகவோ எழுதுவது. வேகம் ஒரு பண்பு மட்டுமே. அந்த வேகத்தில் சொற்றொடர் எங்கே நிற்கிறது, எந்தச் சுரத்தில் இறங்குகிறது, டிரம்ஸ் அதற்கு என்ன பதில் சொல்கிறது என்பவைதான் இசை. ஜான் கோல்ட்ரேன் சாக்ஸஃபோனில் சுரங்களைக் கொட்டியபோது, 1958இல் விமர்சகர் இரா கிட்லர் அதற்கு ‘ஒலித் தகடுகள்’ என்று பெயர் வைத்தார். சுரங்கள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரு பரப்பாக விரிகின்றன என்பதை அந்த இரண்டு சொற்களும் காட்டின. வேகத்தைப் பார்த்து மலைத்துப்போகாமல், அந்த வேகம் காதில் என்னவாக மாறுகிறது என்று கேட்டவரால்தான் அப்படி எழுத முடியும். இன்றுவரை கோல்ட்ரேனைப் பேசும் எவரும் அந்தச் சொல்லைக் கடக்காமல் போவதில்லை.

இரண்டாவது, ‘உயிரில்லை’ என்ற தீர்ப்பு. ஒரு விமர்சகருக்கு உயிர் தெரியவில்லை என்றால் அது அவருடைய உண்மையான அனுபவமாக இருக்கலாம். அதைச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால் எந்த இடத்தில், எதனால் என்று சொல்ல வேண்டும். சொற்றொடர்களுக்கு நடுவே மூச்சுவிட இடம் இல்லையா? எல்லாமே ஒரே உரப்பில் வருகிறதா? ஐந்து நிமிடத்துக்கு முன் வாசித்ததையே மறுபடி வாசிக்கிறாரா? இவற்றில் எதையாவது சுட்டினால் வாசகர் தட்டை எடுத்துச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். ‘உயிரில்லை’ என்று மட்டும் எழுதினால் மறுக்கவும் வழியில்லை, ஏற்கவும் வழியில்லை.

‘இன் எ சைலன்ட் வே’யின் தலைப்புப் பாடலில் மெக்லாஃப்ளின் மிகக் குறைந்த சுரங்களில், அவசரமே இல்லாமல் மெட்டை மீட்டுகிறார். கிதார் வாசிக்கத் தெரியாதவனைப் போல வாசி என்று மைல்ஸ் தன்னிடம் சொன்னதாக அவர் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1976இல் வந்த, அவருடைய சக்தி குழுவின் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ப்யூட்டி’ தட்டின் கடைசிப் பாடலான ‘டூ சிஸ்டர்ஸ்’ தாலாட்டைப் போல மெல்ல நகர்வது. வேகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர் என்று இவரைப் பற்றி எழுதுவோர் இந்த இரண்டையும் கேட்காமல் எழுதுகிறார்கள்.

மூன்றாவது, ஊதுபத்தி மொழி. மெக்லாஃப்ளின் 1971இல் தொடங்கிய குழுவுக்கு ‘மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்று பெயர். அந்தப் பெயர் குரு ஸ்ரீ சின்மோய் அவருக்குச் சூட்டியது. வெள்ளை உடை, தியானம், சமஸ்கிருதச் சொற்கள் எல்லாம் கண்முன் இருந்தன. எழுதுபவர்களுக்கு இது பெரிய வசதி. ‘கீழைத் தத்துவம்’, ‘ஆன்மிகப் பயணம்’ என்று இரண்டு சொற்களைத் தூவிவிட்டால் இசையை விளக்கும் சுமை இறங்கிவிடும். இந்தப் பிழையின் பாதிப்பு சக்தி குழுவின் விஷயத்தில் மிகவும் கூர்மையானது. அதைத் தனியாகப் பிறகு பார்ப்போம்.

நான்காவது, வழிபாடு. இது கேட்பதற்கு அன்பாக இருக்கும், விளைவு புறக்கணிப்பேதான். 2017 ஏப்ரலில் ஹோல்ட்ஸ்வொர்த்தின் தட்டுகளைத் திரட்டி 12 தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்று வந்தது. கிதாரை என்றென்றைக்குமாக மாற்றிய மனிதர் என்பது அதன் தலைப்பு. அதே மாதம் 15ஆம் தேதி கலிஃபோர்னியாவில் அவர் இறந்தார். இறுதிச் சடங்குச் செலவுக்குக் குடும்பத்தினர் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. ரசிகர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள் என்பது ஆறுதல். ஆனாலும், கடவுள் என்று முப்பது ஆண்டுகள் எழுதியவர்களில் எத்தனை பேர் அவருடைய கார்டுகள் எப்படி அமைகின்றன, ‘ஐ.ஓ.யூ.’ தட்டை 1982இல் அவர் ஏன் தாமே முனைந்து வெளியிட நேர்ந்தது என்று புதிய கேட்பவர் ஒருவருக்கு விளக்கினார்கள்? கடவுள் என்று சொல்லிவிட்டால் விளக்க வேண்டிய கடமை இல்லை. கேட்பவர் வட்டமும் பெருகுவதில்லை.

ஐந்தாவது, கருவிப் பட்டியல். கிதார் இதழ்களுக்கே உரிய பழக்கம் இது. எந்த நிறுவனக் கிதார், எந்த ஒலிப்பெருக்கி, எத்தனை பெடல் என்று பக்கம் நிரம்பும். கருவியைப் பற்றிப் பேசுவது தவறில்லை. அது இசையில் என்ன செய்தது என்பதோடு இணைய வேண்டும். மஹாவிஷ்ணு காலத்தில் மெக்லாஃப்ளின் கையில் இருந்தது இரட்டைக் கழுத்துக் கிதார். ஒன்றில் 6 தந்தி, மற்றதில் 12. பன்னிரண்டு தந்தியில் கார்டைப் பிரித்து மீட்டிவிட்டு அடுத்த கணம் ஆறு தந்தியில் சோலோவுக்குத் தாவ முடிந்ததால்தான் அந்தப் பாடல்களின் கட்டமைப்பே அப்படி உருவானது. இப்படி எழுதினால் கருவிச் செய்தி விமர்சனமாகிறது.

ஆறாவது, குழுவை மறப்பது. மஹாவிஷ்ணுவின் முதல் அணியில் பனாமாவில் பிறந்த பில்லி காபம் டிரம்ஸ், பிராகிலிருந்து வந்த யான் ஹாமர் கீபோர்டு, டப்ளினில் பிறந்த ரிக் லேர்ட் பேஸ் கிதார், சிகாகோவின் ஜெர்ரி குட்மன் வயலின். ஹாமர் மூக் சிந்தசைசரில் சுரங்களை வளைத்து வாசிப்பது பல இடங்களில் கிதாரைப் போலவே ஒலிக்கும்; கவனமில்லாதவர் அவர் வாசித்ததையும் மெக்லாஃப்ளின் கணக்கில் எழுதிவிடுவார். அந்த அணி 1973 முடிவில் உடைந்தது. இசையமைப்பு உரிமை யாருக்கு என்ற மனக்கசப்பு அதன் காரணங்களில் ஒன்று. அந்த ஆண்டு லண்டனில் பதிவாகி, கிடப்பில் போடப்பட்டு, 1999இல்தான் வெளிவந்த ‘தி லாஸ்ட் டிரைடன்ட் செஷன்ஸ்’ தட்டில் ஹாமர், குட்மன், லேர்ட் ஆகியோரின் ஆக்கங்களும் இருக்கின்றன. கிதார் நாயகனை மட்டும் பார்க்கும் எழுத்து, ஒரு குழு ஏன் உடைந்தது என்பதையும் புரியவைக்காது.

சக்தி: காது கேட்காத இடம்

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் சவுத்ஹாம்டன் கல்லூரியில் ஒரு கச்சேரி பதிவானது. மெக்லாஃப்ளின் மின்சாரத்தைத் துறந்து அக்கூஸ்டிக் கிதாருடன் தரையில் உட்கார்ந்தார். வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். அடுத்த ஆண்டு ‘சக்தி வித் ஜான் மெக்லாஃப்ளின்’ என்று அது தட்டாக வந்தது.

இந்தத் தட்டைப் பற்றி எழுத, தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. மெக்லாஃப்ளின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். சக்திக்காக அவருக்குக் கிப்சன் நிறுவனத்தில் ஆபிரகாம் வெக்டர் உருவாக்கிய கிதாரில் ஃப்ரெட் கம்பிகளுக்கு நடுவே மரம் குடையப்பட்டிருந்தது. விரல் மரத்தில் முட்டாமல் தந்தியை ஆழ அழுத்தவும் இழுக்கவும் முடியும். வீணையில் கமகம் பிறப்பதும் தந்தியை இழுக்கும் அதே செயலில்தான். ஒலித்துளைக்கு மேல் குறுக்காக ஏழு துணைத் தந்திகள் ஓடின. ஒரு ஐரோப்பியர் கமகத்தின் மேல் கொண்ட மரியாதையை மரத்தில் செதுக்கிய சான்று அந்தக் கிதார். மேலும், அந்த மேடையில் இருந்தது ‘இந்திய இசை’ என்ற ஒரே பொருள் அல்ல. வயலின், கடம், மிருதங்கம் கர்நாடக மரபு. தபலா இந்துஸ்தானி மரபு. இந்த இரண்டும் ஒரே மேடையில் நெடுங்காலம் சேர்ந்து உழைப்பதே அன்று அரிது. சக்தியில் நடந்தது கிழக்கும் மேற்கும் சந்தித்தது மட்டுமில்லை. வடக்கும் தெற்கும் சந்தித்தது. ஊதுபத்தி மொழியில் எழுதுபவருக்கு இந்த இரண்டாவது சந்திப்பு கண்ணில் படவே படாது.

‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ப்யூட்டி’யின் முதல் பாடல் ‘லா டான்ஸ் டு பொனர்’. அது கொன்னக்கோலில் தொடங்குகிறது: வாயால் சொல்லும் தாளச் சொற்கள், அவற்றைத் தொடர்ந்து கிதாரும் வயலினும் சேர்ந்து ஓடும் மெட்டு. நம் காதுக்கு இது உடனே பிடிபடுகிறது. கொன்னக்கோல் என்றால் என்னவென்று அறியாதவர் இதை ஏதோ மந்திரம் என்று நினைத்துவிட முடியும். மெக்லாஃப்ளினின் வேகச் சொற்றொடர்கள் பலவற்றுக்குத் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று சுரங்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, கணக்கு வைத்துச் சமத்தில் வந்து விழுவது அவர் வாசிப்பின் எலும்பு. வெறும் வேகம் என்று எழுதப்படுவது, கணக்குத் தெரிந்தவருக்கு ஒரு கோர்வையாகவே கேட்கும். பிற்காலத்தில் அவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் கற்பிக்கும் காணொளித் தட்டு ஒன்றையே வெளியிட்டார். தம்மை எப்படிக் கேட்க வேண்டும் என்று கலைஞரே பாடம் நடத்தியிருக்கிறார். அதைப் பயன்படுத்திக்கொண்ட விமர்சகர்கள் குறைவு.

சக்தி பின்னர் யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலினோடும், சங்கர் மகாதேவனின் குரலோடும் மறுபிறவி எடுத்தது. 2023இல் வந்த ‘திஸ் மொமென்ட்’ தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. ஜாஸ் பிரிவில் அல்ல, உலக இசை ஆல்பம் என்ற பிரிவில். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் இந்த இசைக்குச் சரியான அலமாரி அமையவில்லை.

கடுமை வேறு, அலட்சியம் வேறு

நல்ல கடும் விமர்சனம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு ஃபியூஷன் கிதார் கலைஞரே எடுத்துக்காட்டு தந்திருக்கிறார். சாக்ஸஃபோன் கலைஞர் கென்னி ஜி 1999இல், காலமான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பழைய ஒலிப்பதிவு ஒன்றின் மேல் தம் வாசிப்பைச் சேர்த்து வெளியிட்டார். அதைப் பற்றி 2000இல் பேட் மெத்தனி எழுதியது அனலாக இருந்தது. அதன் பிற்பகுதியில் கோபம் எல்லை கடக்கிறது என்றே நினைக்கிறேன். முற்பகுதி அப்படியில்லை. ஜெஃப் லார்பரின் குழுவில் கென்னி ஜியை முதலில் கேட்ட காலத்திலிருந்து தொடங்கி, அவருடைய தாளப் பிடிப்பில் என்ன குறை, சுருதி எந்தப் பக்கம் விலகுகிறது, எந்த வகைச் சொற்றொடர்களை மட்டும் நம்பியிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மெத்தனியின் முடிவை ஏற்காதவரும் தட்டைப் போட்டு அந்தக் குறைகள் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். பெயரை மாற்றினால் பொருந்தாத விமர்சனம் அது.

இதே மெத்தனியைப் பற்றிய எழுத்தில் மலிந்திருப்பதோ நிலக்காட்சி. அவர் மிசௌரி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவர் என்பதால், பரந்த சமவெளி, நீண்ட நெடுஞ்சாலை, திறந்த வானம் என்றே எழுதுவார்கள். அவர் 1986இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனோடு சேர்ந்து ‘சாங் எக்ஸ்’ என்ற சீறும், மோதும் தட்டை வெளியிட்டார். அதற்கு எந்தச் சமவெளியைக் காட்டுவது? பிறந்த ஊரைப் பார்த்து எழுதினால் இசையைக் கேட்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது.

ஜாஸ் இதழியல் இந்தத் தவற்றைத் திருத்திக்கொண்டதற்கும் சான்று உண்டு. 1961 நவம்பரில் ‘டவுன்பீட்’ இதழில் ஜான் டைனன், கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசிப்பதை ஜாஸுக்கு எதிரானது என்று முத்திரை குத்தினார். பெரும் சர்ச்சை எழுந்தது. 1962 ஏப்ரலில் அதே இதழ் அந்த இரண்டு கலைஞர்களையும் உட்காரவைத்து, இவ்வளவு நீளமாக ஏன் வாசிக்கிறீர்கள், எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டு, பதில்களை விரிவாக வெளியிட்டது. ஓர் இதழ் தன் பக்கத்தில் வந்த தீர்ப்புக்கு எதிராகத் தன் பக்கத்தையே திறந்து வைத்தது. ஃபியூஷன் கலைஞர்களுக்கு இப்படி ஒரு கதவு திறந்ததை நான் பார்த்ததில்லை.

ஒரே பாடல், இரண்டு எழுத்து

பொதுவாகப் பேசுவதைவிட ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மஹாவிஷ்ணுவின் முதல் தட்டு 1971இல் வந்த ‘தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்’. அதில் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் பாடல் ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’. வழக்கமான விமர்சனம் எப்படியிருக்கும் என்பதற்கு நானே கட்டிய மாதிரி இது. எவருடைய மேற்கோளும் அல்ல:

“மெக்லாஃப்ளின் இதில் மின்னலாகப் பாய்கிறார். கீழை ஆன்மிகமும் ராக் ஆவேசமும் சங்கமிக்கும் இந்தப் பயணம் நம்மை வேறோர் உலகத்துக்கு இட்டுச்செல்கிறது. ஆங்காங்கே நுட்பம் உணர்வை விழுங்கிவிடுகிறது.”

இதில் பிழையான தகவல் ஒன்றுகூட இல்லை. பயனுள்ள தகவலும் ஒன்றுகூட இல்லை. இந்த மூன்று வாக்கியங்களை இன்னொரு ஃபியூஷன் கிதார் கலைஞரான அல் டி மியோலாவுக்கோ வேறு எவருக்கோ அப்படியே ஒட்டலாம். இப்போது பாடலைப் போட்டுவிட்டு எழுதினால்:

“முதலில் கிதார் கார்டுகளின் சுரங்களைப் பிரித்துப் பிரித்து மெல்ல மீட்டுகிறது. எந்தச் சுரமும் வீடு வந்து சேர்ந்த நிம்மதியைத் தருவதில்லை. எண்ணிப் பார்த்தால் சுற்று பத்தில் முடிகிறது. அந்த இறுக்கம் ஏறிய பிறகு திடீரென ஒரு ப்ளூஸ் நடை புகுகிறது. எவருக்கும் தெரிந்த, தோளைக் குலுக்கும் நடை. காலால் தட்டத் தொடங்கினால் கால் தவறுகிறது, ஏனென்றால் இது இருபது எண்ணிக்கைச் சுற்று. பழகிய வீட்டில் படி ஒன்று கூடுதலாக இருப்பதைப் போன்ற தடுமாற்றம். வேகச் சுரங்கள் இந்தத் தடுமாறும் தரையின் மேல்தான் ஓடுகின்றன. காபமின் டிரம்ஸ் அந்த இருபதைச் சிந்தாமல் தாங்குவதால் ஓட முடிகிறது. முடிவில் தொடக்கத்து மீட்டலும் ப்ளூஸ் நடையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப்படுகின்றன. இருபதில் இரண்டு பத்து அடங்கும் என்பது அப்போது காதுக்கு விளங்குகிறது. இரண்டு பாட்டு என்று நினைத்தவை ஒரே பாட்டு. மாயை என்ற தலைப்புக்குப் பொருளும் அங்கேதான் கிடைக்கிறது.”

இரண்டாவது பத்தியில் ‘ஆன்மிகம்’ என்ற சொல் இல்லை. ஆனால் தலைப்பில் உள்ள சிந்தனை இசையில் எப்படி நடக்கிறது என்பது இருக்கிறது. இதை எழுதப் பெரிய இசைப் பட்டம் தேவையில்லை. பத்து வரை எண்ணத் தெரிய வேண்டும்; பாடலை நான்கு முறையாவது கேட்டிருக்க வேண்டும். இதன் பிறகு ‘எனக்கு இது பிடிக்கவில்லை, கட்டுமானம் தெரிகிறது, நெகிழ்ச்சி தெரியவில்லை’ என்று ஒருவர் எழுதினால் அதை மதித்துப் படிப்பேன். அவர் கட்டுமானத்தைக் கண்டவர்.

ஏன் இப்படி, என்ன செய்யலாம்

நான்கு முறை கேட்க நேரம் இல்லாததுதான் முதல் காரணம் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மதிப்புரைக்குக் கிடைக்கும் இடம் சிறியது, கெடு நெருங்கியது, கூலி குறைவு. நட்சத்திரக் குறியிலோ மதிப்பெண்ணிலோ தீர்ப்பை அடக்கும் வழக்கம் காரணத்தைச் சொல்லும் பொறுப்பிலிருந்து எழுதுபவரை விடுவித்துவிடுகிறது. பாடல் வரிகளைப் பற்றி எழுதிப் பழகிய கை, வரிகளே இல்லாத இசையின் முன் திகைக்கிறது. திகைப்பை மறைக்க உவமைகளைத் தேடுகிறது. ஃபியூஷன் கலைஞர்களும் தம் பங்குக்குத் தொழில்நுட்பச் சொற்களுக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். இவை எல்லாம் காரணங்கள். எதுவும் சமாதானம் ஆகாது.

திருத்தம் கடினமானது அல்ல. ஒரு தட்டைப் பற்றி எழுதும் முன் அதில் ஒரே ஒரு நிமிடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்த நிமிடத்தில் யார் யார் வாசிக்கிறார்கள், சுற்று எத்தனை, சத்தம் எங்கே கூடுகிறது, மௌனம் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் பெயரடைகள். கலைஞர் கற்ற மரபு தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். பாராட்டானாலும் கண்டனமானாலும் வாசகர் சரிபார்க்கக்கூடிய ஒன்றையாவது சொல்ல வேண்டும்.

இதில் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மெக்லாஃப்ளினின் வாசிப்பில் ஒரு பாதி நம் வீட்டுச் சொற்களில் கட்டப்பட்டது. கமகம், கோர்வை, கொன்னக்கோல் என்று ஆங்கில விமர்சகர் தேடிப் பிடிக்க வேண்டிய சொற்கள் நம் கையில் தயாராக இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ‘மின்னல் வேகம்’ என்று நாமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால், கையில் விளக்கை வைத்துக்கொண்டு இருட்டைப் பற்றி எழுதுவதாகும். விநாயக்ராமின் கடத்தையும் சங்கரின் வயலினையும் கேட்டு வளர்ந்த வாசகர்கள் இங்கே ஏராளம். அவர்களில் ஒருவர் இன்றிரவு ‘லா டான்ஸ் டு பொனர்’ பாடலைப் போட்டு, கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டு, தாம் கேட்டதை மட்டும் நாலு வரி எழுதட்டும். இந்த இசைக்கு வர வேண்டிய விமர்சனம் அங்கிருந்து தொடங்கும்.